ரசம் ஓடி நிற்கும் தூரம்

சிங்கப்பூர் விமான நிலையத்தை விரிவாக்க வேண்டும் என்று ஓயாமல் சொன்னவர் யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நம்பாதீர்கள். சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு மனிதர்தான் சொன்னார். அதுவரை அவர் விமானத்தில் ஏறியதில்லை, விமான நிலையத்துக்குள் கால் வைத்ததும் இல்லை. ஆனால் அதைப் பற்றி அவர் பேசிய பேச்சையெல்லாம் தரையில் விரித்திருந்தால் அக்கரையிலுள்ள ஜொகூரைத் தாண்டியிருக்கும். எங்களுக்கு அவர் ‘ரன்வே’ அண்ணன். சொந்தப் பெயர் முதலாளிக்குத் தெரிந்திருக்கலாம். நாங்கள் கேட்டதில்லை.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் என் ஆங்கிலம்.

ஐம்பதுகளின் கடைசி அது. அந்தக் கடையின் மாடியில் தங்கியிருந்த பிரம்மச்சாரிக் கூட்டத்தில் நானும் ஒருவன். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதிப் பரீட்சையை இரண்டு முறை எழுதியவன். இரண்டு முறை எழுதினால் இரண்டு மடங்கு படிப்பு என்று கடையில் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒரு மத்தியானம், பக்கத்து மேசையில் யாரோ ஆங்கிலப் பேப்பரை வைத்துப் பேசியதைக் காதில் வாங்கிக்கொண்டு அவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, பாய லேபார் ஏர்போர்ட்டுல ரன்வேயை நீட்டணும்னு பேசிக்கிறாங்களே, ரன்வேன்னா என்னா?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

“ரன் அவே. அதாவது, ஓடிப்போறது. வீட்டை விட்டு ஓடிப்போனவன்னும் சொல்லலாம்.”

“அதை எதுக்கு நீட்டுறாங்க?”

“அதெல்லாம் கவர்மெண்டு விஷயம் அண்ணே.”

அவர் முகம் செத்துவிட்டது. சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். “நம்ம கதை பேப்பர் வரைக்கும் வந்துடுச்சா?” என்றார்.

அப்போதுதான் கதை வெளியே வந்தது. கல்யாணமான புதிதில் மனைவியையும் அழைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறப் போயிருக்கிறார். கப்பல் தள்ளிக் கடலில் நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் படகிலேயே அந்த அம்மாவுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கப்பலைத் தொடாமலே அந்த அம்மா அதே படகில் கரைக்குத் திரும்பிவிட்டார். இவர் இங்கே வேலைக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்ததால் தனியாக வந்து சேர்ந்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்டாட்டியைக் கரையில் விட்டுவிட்டு ஓடிப்போனவன் என்று பெயர் கட்டிவிட்டது. லீவில் போய்க் கூப்பிட்டபோதெல்லாம் அந்த அம்மா சொன்ன பதில் ஒன்றுதான்: “ஆட்டம் இல்லாத வழி இருந்தா சொல்லுங்க, வர்றேன்.”

கல்லாவிலிருந்த முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், அது பிளேன் ஓடுற ரோடுய்யா! ரோடு நீளமா இருந்தாத்தான் பெரிய ஜெட்டு வந்து இறங்கும். ஜெட்டு மேகத்துக்கு மேல போகுமாம், ஆட்டமே தெரியாதாம்.”

“ஆட்டமே தெரியாதா?”

“தெரியாதுங்கிறாங்க.”

“மெய்யாவே தெரியாதா மொதலாளி?”

அன்று முதல் அவர் ‘ரன்வே’. என்னை மாடியில் வெகுநாள் ‘ரன் அவே’ என்று கூப்பிட்டார்கள். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு விருப்பமில்லை.

மறுநாளே பிரசாரம் தொடங்கியது. என் முன்னால் கட்டை இலை ஒன்றைப் போட்டார்.

“இலைதான் ரன்வே. ரசம்தான் ஜெட்டு. பாருங்க தம்பி.”

ஊற்றினார். ஜெட் சோற்றைத் தாண்டி, ஊறுகாயை இழுத்துக்கொண்டு, என் மடியில் வந்து இறங்கியது. என்னிடம் ஆபீசுக்குப் போட இருந்தது ஒரே ஒரு வெள்ளைக் கால்சட்டை.

“என்ன அண்ணே இது! என் மடிதான் கெடச்சுதா?”

“படிச்சவங்க மடியில ஊத்துனாத்தான்லா விஷயம் மேலிடத்துக்குப் போகும்.”

அடுத்த நாள் நீள இலை போட்டு ஊற்றினார். ரசம் ஓடியது, வேகம் குறைந்தது, வாழைக்காய்ப் பொரியலைத் தொட்டுக்கொண்டு தானாக நின்றது. கடையே கைதட்டியது. நானும் தட்டினேன், முந்தின நாள் கறையோடு.

ஒவ்வொருவருக்கும் ஒரு நன்மை வைத்திருந்தார். பூக்கடைக்காரரிடம், “மெட்ராஸ்ல காலையில பறிச்ச மல்லி இங்க வாடாம வரும்லா” என்பார். முதலாளியிடம், “கப்பல்ல வர்றவன் வாந்தி எடுத்துட்டு வாரக்கணக்குல சாப்பிட மாட்டான். ஜெட்டுல வர்றவன் இறங்குன ஒடனே நம்ம கடைக்குத்தான் வருவான்” என்பார். பெரிய விமானம் வந்தால் இடம் கூடும், இடம் கூடினால் டிக்கெட் விலை இறங்கும் என்று அவர் போட்ட கணக்கை நான் என் ஆபீசில் சொந்தக் கணக்குப்போலச் சொல்லிப் பாராட்டு வாங்கினேன்.

ஃபேரர் பார்க் திடலில் அப்போது அடிக்கடி அரசியல் கூட்டம் நடக்கும். எந்தக் கட்சியானாலும் முன்வரிசையில் இவர் இருப்பார். பக்கத்தில் நான், இழுத்து உட்கார வைப்பதற்காக. ஒருமுறை பேச்சாளர் சுதந்திரத்தைப் பற்றி முழங்கி மூச்சு வாங்கிய இடைவெளியில் இவர் எழுந்துவிட்டார்.

“ஐயா, ரன்வேயை எப்ப நீட்டுவீங்க?”

“முதலில் சுதந்திரம் வரட்டும்!”

“வரட்டும்ங்க, வேணாங்கல. எங்க வந்து இறங்கும்னுதான் கேக்கறேன்.”

கூட்டம் சிரித்தது. நான் அவரை யாரென்றே தெரியாததுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் என் தோளில் கை போட்டிருந்ததால் அது எடுபடவில்லை.

அறுபதுகளில் ஓடுபாதை நிஜமாகவே நீண்டது. பெரிய ஜெட் விமானங்கள் வரத் தொடங்கின. தாமே மண் சுமந்து போட்டதைப்போல அவர் அன்று எல்லார் இலையிலும் பாயசம் ஊற்றினார். பிறகு ஊருக்கு எழுதிப்போட்டுவிட்டுப் பேச்சைக் குறைத்துவிட்டார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. வழி வந்துவிட்டது. அந்த அம்மா வரவேண்டுமே.

வருவதாகப் பதில் வந்தது.

விமான நிலையத்துக்கு என்னையும் அழைத்துப் போனார், இங்கிலீஷ் பேசுவதற்காக. பட்டும் திருந்தாத மனிதர். நான் இரவல் டை கட்டியிருந்தேன். பார்வையாளர் மாடியில் நின்றோம். விமானம் தரையைத் தொட்டதும் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“நிக்குமா தம்பி? நிக்குமா?”

நின்றது. என் கைதான் மரத்துப்போயிருந்தது.

கீழே வந்து காத்திருந்தோம். எல்லாரும் வெளியே வந்தார்கள், அந்த அம்மாவைக் காணோம். இவர் மாலையைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு தமிழ்ப் பியூன் வந்து குரல் கொடுத்தார்.

“இங்க யாருப்பா ஓடிப்போனவரு?”

நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உள்ள ஒரு அம்மா நிக்குது. பேப்பர்ல உள்ளது சரியான்னு பாக்க புருஷன் பேரைக் கேட்டா, வாயால சொல்ல மாட்டேங்குதுலா. ‘எங்க ஊர்ல ஓடிப்போனவருன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும்’னு சொல்லுது.”

பின்னாலேயே வந்த அதிகாரி என் டையைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இத்தனை ஆண்டு காத்திருந்த தருணம். நெஞ்சை நிமிர்த்தினேன்.

“ரன் அவே, சார். ஹஸ்பண்ட், ரன் அவே.”

அவர் பொறுமையாகக் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினார். “எஸ், எஸ், ரன்வே அங்கே இருக்கிறது. ஹஸ்பண்ட் எங்கே?”

ரன்வே அண்ணன் மாலையோடு கையைத் தூக்கினார். “நான்தாங்க” என்றார். அந்தப் பட்டத்தை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்த அம்மா வெளியே வந்தார். வாந்திக்கு முகர்ந்து பார்க்கக் கொண்டுவந்த எலுமிச்சம்பழம் நகம் படாமல் கையில் இருந்தது. அதை அவரிடம் நீட்டினார்.

“ஆட்டம் இல்லதான். ஆனா எறங்குனப்புறம் என்னா ஓட்டம் ஓடுது! இது எங்க நிக்கப்போவுதுன்னு நெனச்சேன்.”

“நின்னுடுச்சுல்ல?”

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். “ம். நின்னுடுச்சு,” என்றார்.

அன்று கடையில் எலுமிச்சை ரசம். அந்த அம்மாவுக்கு இருப்பதிலேயே நீளமான இலை. எனக்கு வழக்கம்போலக் கட்டை இலை.

பிற்பாடு நானும் எத்தனையோ முறை விமானத்தில் வந்து இறங்கிவிட்டேன். சக்கரம் தரையைத் தொட்டு ஓடும்போது இன்றும் என் கை தானாக மடியைப் பொத்திக்கொள்கிறது. பெல்ட்டைத் தேடுகிறேன் என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். நான் தேடுவது, ரசவாளியோடு நின்ற அந்த மனிதரை.