எண்பத்திரண்டு பாகை

கணினித் திரையில் கோபுரத்தின் வெப்பநிலை தொண்ணூற்றாறு பாகை. இருக்கவேண்டியது எண்பத்திரண்டு.

கலாநிதி குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்தார். மதிப்பீட்டுக் குழு வர இன்னும் அரைமணித்தியாலம். திரையிலுள்ள கோடு அவர்கள் முன்னால் ஆடாமல் நின்றால் அவர் பேராசிரியர். ஆடினால் இன்னும் ஐந்து வருடம் வெறும் கலாநிதி.

பனஞ்சாராயத்தையும் வினாகிரியையும் ஒரே கோபுரத்துக்குள் இரசாயனத் தாக்கமுறவிட்டு, அங்கேயே காய்ச்சி வடித்து, நகப்பூச்சு அழிக்கும் திரவமாக்கும் இயந்திரம் அது. அதைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒரே மூளை குடாநாட்டில் தன்னுடையது என்பார். மறுக்க விசயம் தெரிந்த வேறொருவர் இருக்கவில்லை.

நேற்று ஆயுத பூசை. “முக்கியமான கருவியள் எல்லாம் பூசையிலை இருக்கவேணும்” என்று கட்டளையிட்டவரும் அவரே. மூலையில் சரஸ்வதி படத்தின் முன் இன்னும் எடுக்காமல் குறடு, திருகாணிச் சாவி, எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய ஆய்வேடு. துப்புரவுப் பணியாளர் ஞானாம்பிகை விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“சூட்டைக் குறை, நிவேதனா.”

உதவி விரிவுரையாளர் குறைத்தாள். தொண்ணூற்றெட்டு.

“ஏறுது சேர்!”

“தாக்கம் திமிறுது. குளிர்ந்த திரவத்தை மேலாலை கூட்டி விடு.”

நூற்றிரண்டு.

“சேர், ஒருக்கால் கோபுரத்தைத் தொட்டுப் பாக்கட்டோ?”

“தொட்டுப் பாக்க உது என்ன சோத்துப் பானையோ? எத்தினை வருசம் படிச்ச கட்டுப்பாட்டு உத்தி, பிள்ளை!”

அவருக்கு வியர்த்தது. மின்விசிறியைப் போட்டார். சடாரென்று ஐம்பத்தெட்டு.

“ஐயோ, சூட்டைக் கூட்டு!”

“முழுக்கக் கூட்டியாச்சு சேர். இன்னும் இறங்குது.”

வாசலில் வாகனம் வந்து நின்றது.

“எல்லாத்தையும் நிப்பாட்டு! விசிறியையும்!”

குழுத் தலைவர் சிவசுப்பிரமணியம் உள்ளே வந்தபோது திரையில் எண்பத்திரண்டு. கோடு ஆடவில்லை. பத்து நிமிடம் பார்த்தார்கள். அசையவேயில்லை.

“சூடாக்கி நிப்பாட்டிக் கிடக்கு. எண்டாலும் எண்பத்திரண்டிலை நிக்குதே! எப்பிடிக் கலாநிதி?”

குகதாசன் தொண்டையைச் செருமினார். “தாக்கத்தின்ரை வெப்பமே போதும் சேர். உத்தி சரியெண்டால் கோபுரம் தன்னைத்தானே பாத்துக்கொள்ளும்.”

“அற்புதம், பேராசிரியர்!”

கைதட்டல் ஓய்ந்ததும் மூலையிலிருந்து ஞானாம்பிகையின் குரல் வந்தது.

“சேர், திரியை அளவாக்கி விட்டன், விளக்கு இப்ப ஆடாமல் எரியுது. அதுக்குப் பக்கத்திலை வயரோடை வைச்சுக் கும்பிட்ட அந்தச் சூடு பாக்கிற சென்சரை, இனி எடுத்துக் கோபுரத்திலை கொழுவட்டோ?”