கெஞ்சலா மிரட்டலா என்று துணை மேயர் கேட்டார்

இலோயிலோ,
சனிக்கிழமை, மழை விட்ட பிற்பகல்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஒஃபீலியா அத்தைக்கு,

நெரிஸா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே பத்தாங்காஸில் உங்கள் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்றும், மாமாவின் சண்டைச் சேவல்கள் உங்கள் ரோஜாச் செடிகளில் ஒன்றிரண்டையாவது விட்டுவைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். அம்மா ஒரு டப்பா பிஸ்கோச்சோ ரொட்டி கொடுத்தனுப்புகிறாள். அதில் நாலு துண்டு குறையும். அது எலி இல்லை, நான்தான்.

அன்று நான் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை ஊர்த் திருவிழாப் பேச்சுப் போட்டி முடிந்ததும் துணை மேயர் வெனான்சியோ என்னை மேடைக்குப் பின்னால் நிறுத்தி, "மேம், உங்க வகுப்புப் பொண்ணு கெஞ்சுச்சா, மிரட்டுச்சா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டார். கெஞ்சினாள் என்று நான் சொல்லவில்லை. மிரட்டினாள் என்றும் சொல்லவில்லை. "ஐயா, உங்கள் சட்டை முதுகில் நாற்காலியின் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது" என்றும் சொல்லவில்லை, அது நிஜமாகவே ஒட்டியிருந்தது. "இஞ்சித் தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குக் குரலின் ஏற்ற இறக்கம் சொல்லிக்கொடுக்கிறவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

என் மௌனத்தை அவர் மிரட்டல் கணக்கில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை தலைமையாசிரியை பெர்பெத்துவா மேம், "ஒரு மாணவியைக் கொண்டு மக்கள் பிரதிநிதியை அச்சுறுத்தியது குறித்து மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்" என்று ஒரு தாளை என் மேசையில் வைத்தார். நீங்கள் கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும், உங்கள் பெயரைக் கேட்டால் மேம் இன்றும் எழுந்து நிற்கிறார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நாளைக் கப்பலில் வரும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இதைக் கொண்டுவருவார். முழுக்கப் படித்துவிட்டு மேமுக்கு ஒரே ஒரு போன் போட்டு, "அது கெஞ்சல்தான்" என்று சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். பிளாசா சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கிற கருவாட்டு வரிசை உங்களுக்குத் தெரியும், அறுபது கடை, அறுபது பெண்கள். அதை இறைச்சிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு மாற்ற வேண்டும் என்று துணை மேயர் ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. பிளாசாவுக்கு எதிரே அவருடைய மைத்துனர் ஒரு காபிக்கடை திறந்திருக்கிறார், அங்கே வருகிறவர்கள் காபியில் நெத்திலி வாசனை அடிக்கிறது என்கிறார்களாம். அந்தப் பள்ளத்தில் மழைக்காலம் முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும். கருவாட்டை அங்கே காயவைப்பதும் திரும்பக் கடலில் விடுவதும் ஒன்றுதான். என் மாணவி ஜெலைனின் அம்மா, சந்தைக்கே அக்காவான மனாங் லூமிங்குக்கு அந்த வரிசையில் ஏழாவது கடை. கடை போனால் ஜெலைனும் பள்ளியை விட்டுவிட்டு நகரத்தில் யார் வீட்டிலாவது வேலைக்குப் போக வேண்டியதுதான். திருவிழாப் போட்டிக்கு இந்த வருடத் தலைப்பு, 'என் ஊருக்கு ஒரு வேண்டுகோள்'. நடுவர்களில் ஒருவர் துணை மேயர். ஜெலைன் ஒரு நாளும் கை தூக்காத பெண், அன்று தூக்கினாள். "மேம், நான் பேசறேன். அவரு எழுந்து போக முடியாத இடத்துல உக்காந்திருப்பாரு இல்ல?" என்றாள்.

அத்தை, நீங்கள் முப்பது வருடமாகப் பத்தாங்காஸில் குடியிருக்கிறீர்கள். அங்கத்திய அதட்டுகிற குரலில் உப்பைக் கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரன் கத்தியைத் தேடுவான். இங்கே நம் ஆட்கள் பேசினால் கடைசி அசை மேலே ஏறி, நீண்டு, ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கும் என்பதை மறந்திருப்பீர்கள். உறுதியாகச் சொல்ல வேண்டிய வாக்கியத்தின் முடிவில் குரல் இறங்க வேண்டும் என்பது முதல் பாடம். கரும்பலகையில் கீழே பாயும் அம்பு ஒன்று வரைந்து, "நாங்கள் இங்கிருந்து போகமாட்டோம்" என்று கோபமாகச் சொல்லச் சொன்னேன். நாற்பத்திரண்டு பேரும் சேர்ந்து தாலாட்டுப் பாடினார்கள். வராந்தாவில் போன பியூனுக்குக் கொட்டாவி வந்தது. "கோபம் எங்கடா?" என்றேன். "இதுதான் மேம் கோபம்" என்றான் ஒருவன். "இதுக்கு மேல கோபமா சொன்னா எங்க வீட்டுல சோறு கிடையாது." இன்னொருத்தி முயற்சி செய்து பார்த்தாள், பாதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வகுப்பு முழுக்க ஒருவரையொருவர் "போகமாட்டேன், கண்ணு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. நான் அம்பை அழித்துவிட்டு வருகைப்பதிவு எடுத்தேன்.

கோர்கோனியோ சார் கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடமாகப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர். பச்சை முட்டை, கடலைப் பார்த்துக் கத்துதல், மேடையில் மண்டியிடுதல் மூன்றும்தான் அவருடைய பாடத்திட்டம். "நெரிஸா, அம்பு வரைஞ்சா மெடல் வராது. முதல் வரிசையில மூணு கைக்குட்டை வெளிய வரணும். எண்ணிப் பாரு, மூணு!" என்றார். அவர் தயார் செய்த ஃப்ளோர்டெலிசா 'தாய்மை' பற்றிப் பேசுகிறாளாம். அதில் ஊருக்கு என்ன வேண்டுகோள் என்று கேட்டேன். "எல்லாரும் அழணும், அதுதான் வேண்டுகோள்" என்றார்.

கோபத்தை வகுப்பில் கண்டுபிடிக்க முடியாததால், சந்தையில் இருக்கும் என்று ஜெலைனைக் கூட்டிக்கொண்டு நோட்டுப் புத்தகத்தோடு கருவாட்டு வரிசைக்குப் போனேன். நல்லவேளை, சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கடைத் தார்ப்பாயிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக மனாங் லூமிங்கின் கூடையில் விழுகிறது. "என் தங்கமே" என்றார் மனாங், பாலூட்டுகிற குரலில். "இன்னும் ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா உன்னையும் நடுவுல பிளந்து, உப்பு தடவி, வெயில்ல போட்டுருவேன். சரியா கண்ணு?" பக்கத்துக் கடைக்காரி அதைவிட இனிமையாக, "போடுங்க மனாங், போடுங்க. ஆனா உங்க உப்புல பாதி மண்ணா இருக்கே, என் உடம்புக்கு ஒத்துக்குமா?" என்றாள். மணிலாவிலிருந்து வந்த ஒரு ஜோடி இருவரையும் படமெடுத்து, "எவ்வளவு பாசம் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனது. ஆனால் வரிசையில் இருந்த மற்ற பெண்கள் அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அத்தை. தார்ப்பாய் அடுத்த நிமிடம் நகர்ந்தது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: குரல் இனிக்க இனிக்க ஆபத்து அருகில்.

அதோடு முடியவில்லை. ஒரு பெண் வந்து, "கிலோ முந்நூறா? அந்தப் பக்கம் இருநூத்தம்பதுக்குக் குடுக்கறாங்க" என்றாள். மனாங் குரலை உயர்த்தவில்லை, தணித்தார். "அங்கயே வாங்கிக்கோ, இண்டாய் கண்ணு" என்றார். பிறகு பேசவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன், ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பெண் என்னவென்று கேட்கத் தலையை முன்னால் நீட்டினாள். அப்போது மனாங் இன்னும் தணிந்து, "உன் மாமியாருக்குத்தானே, அது போதும்" என்றார். இரண்டு கிலோ போனது. எனக்குக் கல்லூரியில் ஒரு முழுப் பருவம் எடுத்தும் விளங்காத பாடம் அது. "இதுவா மேம் பாடம்? இது அம்மா தினமும் பண்றதுதானே" என்றாள் ஜெலைன். "நாளையிலேருந்து நீ பண்ணு" என்றேன்.

அப்படித்தான் பழகினோம். பேச்சை எழுதியது ஜெலைன். நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவள் தாளில் பென்சிலால் ஏறும் அம்பு, இறங்கும் அம்பு, நிறுத்துகிற இடத்தில் இரண்டு கோடு, அவ்வளவுதான் என் பங்கு. இதை நீங்கள் மேமிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

போட்டியன்று அறிவிப்பாளர் மதிப்பெண் விதியைப் பைபிள் வாசிக்கிற குரலில் வாசித்தார். குரல் நாற்பது, கைகால் அசைவு முப்பது, உடை இருபது, கருத்து பத்து. மொத்தம் நூறு, கைதட்டல். கேட்பவர் மனம் மாறினால் அதற்கு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. முதலில் பேசிய பையன் நடுவில் மறந்து, தேசியகீதத்தின் இரண்டு வரியைச் சொல்லிச் சமாளித்தான். அடுத்து வெள்ளை கவுனில் ஃப்ளோர்டெலிசா. மூன்றாவது நிமிடம் மண்டியிட்டாள், ஆறாவது நிமிடம் அழுதாள், எட்டாவது நிமிடம் மைக் வயர் கவுனில் சுற்றிக்கொள்ள அவளால் எழ முடியவில்லை, கடைசிப் பத்தி முழுவதையும் தரையிலிருந்தே பேசினாள். கைக்குட்டைகள் வந்தன. கோர்கோனியோ சார் தூணுக்குப் பின்னால் நின்று விரலால் எண்ணினார். ஐந்து.

ஜெலைன் பள்ளிச் சீருடையில் ஏறினாள். கையை ஆட்டவில்லை. "ஐயா" என்று தொடங்கி அவள் குரலைத் தணித்ததும் திருவிழாக் கடையில் காற்றாடி வாங்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். மூன்று நடுவர்களும் முன்னால் சாய்ந்தார்கள். துணை மேயர் எவ்வளவு சாய்ந்தார் என்றால், அவருடைய புது பிளாஸ்டிக் நாற்காலி பின்கால் இரண்டையும் தூக்கிவிட்டது, பக்கத்தில் இருந்த பாதிரியார் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அந்தப் பெண் எதையும் எதிர்க்கவில்லை, அத்தை. பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். அறுபது கடைக்காரர்களின் வீடுகளில் படிக்கிற பிள்ளைகள் நூற்றிநாலு பேர் என்றாள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு, சர்க்கரைப்பாகு மாதிரி, "நீங்க எங்க போகச் சொன்னாலும் நாங்க போறோம், ஐயா. மழை வந்து அங்க தண்ணி ஏறிட்டா, அறுபது பேரும் கூடையோட உங்க வீட்டுக்கு வந்துடறோம். உங்க வீடு மேட்டுல இருக்கு. முற்றம் முழுக்க சிமெண்ட். கருவாடு நல்லாக் காயும்" என்று முடித்து, குனிந்து வணங்கிவிட்டு இறங்கினாள்.

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து மனாங் லூமிங், "ஆமா ஐயா, காலையிலேயே வெயில் வர்ற முற்றம்" என்றார். "நான் பார்த்திருக்கேன், ஊஞ்சல்கூட இருக்கு. அதுல கணவாய் தொங்கவிடலாம்" என்றாள் இன்னொருத்தி. "அடி, கேட்டுட்டுத் தொங்கவிடுவோம்டி, மரியாதை வேணாமா?" என்றாள் மூன்றாமவள். எல்லாம் தேன் ஒழுகுகிற குரல்கள். துணை மேயரின் மனைவி விசிறியை மடித்துவிட்டுத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். மன்ற உறுப்பினர்களின் வரிசையில் ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை.

ஃப்ளோர்டெலிசாவுக்கு முதல் பரிசு. தேசியகீதப் பையனுக்கு இரண்டாவது. மூன்று பேர் கலந்துகொண்ட போட்டியில் ஜெலைனுக்கு மூன்றாவது, 'குரலில் வேகம் போதாது' என்று குறிப்பு வேறு. அதற்குப் பிறகுதான் மேடைக்குப் பின்னால் அந்தக் கேள்வி.

நீங்களே சொல்லுங்கள். 'போறோம்' என்று சொல்கிறவள் மிரட்டுகிறவளா? 'ஐயா' என்று நான்கு தடவை சொல்லியிருக்கிறாள், அம்பு போட்டது நான், எனக்குத் தெரியும். வீட்டு முற்றத்தில் இடம் கேட்பது வேண்டுகோள் இல்லாமல் வேறென்ன? வீடியோவை அனுப்புகிறேன். பத்தாங்காஸ் காதோடு கேளுங்கள், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி இருக்கும். எப்படியானாலும் இனிமேல் குரல் பாடமே எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த பருவத்திலிருந்து கட்டுரை எழுதுதல் மட்டும். கட்டுரை சத்தம் போடாது.

மாமாவுக்கு என் வணக்கங்கள். இங்கிருந்தே உங்கள் இருவர் கையையும் எடுத்து என் நெற்றியில் வைத்து ஆசி வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் நோய் இல்லாமல், சேவல்கள் தோற்காமல், கடவுள் காக்கட்டும்.

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
நெரிஸா

பி.கு. கடல் கொந்தளிப்பால் கப்பல் நின்றுவிட்டது, புதன்கிழமையான இன்றுதான் கிளம்புகிறது. அதற்குள் நான் மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஜெலைன் தன் பேச்சை, 'எங்கள் மேல் இரக்கம் காட்டுங்கள்' என்று முடித்திருந்தாள். போட்டிக்கு முந்தின நாள் அதை அடித்துவிட்டு, கூடை, முற்றம், சிமெண்ட் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தது நான். அது மிரட்டல்தான். விளக்கக் கடிதத்தில் அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை மேமிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை படித்தார், மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார், எட்டாம் வகுப்புக்கும் குரல் பாடம் எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அதனால் நீங்கள் யாருக்கும் போன் போட வேண்டாம்.

நேற்று மன்றம் கூடியது. எட்டு உறுப்பினர்கள். தீர்மானத்துக்கு ஆதரவாக இரண்டு கைகள் எழுந்தன. இன்று காலை ஐந்தரை மணிக்குக் கருவாட்டு வரிசை திறந்தது.