கார்டு சார் துறந்ததெல்லாம் எங்கள் ஹாலில்

திண்டிவனத்தில் உலகப் பற்றை அடியோடு ஒழித்தவர் என்று ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர் ஒழித்த பற்றெல்லாம் வருஷத்துக்கு நாற்பது நாள் எங்கள் வீட்டு ஹாலில் கிடந்ததால் இதை என்னால் அடித்துச் சொல்ல முடிகிறது.

ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். தெருவுக்கு அவர் கார்டு சார். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பக்கத்து வீடு. மனைவி ரோஸி டீச்சர் இறந்த பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் போன மறு வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் தொடங்கியது. எது இல்லாமல் உங்களால் இருக்க முடியாதோ அதை இந்த நாற்பது நாளும் விட்டுப் பாருங்கள் என்று பாஸ்டர் பிரசங்கம் செய்தார். சபையில் பாதிப் பேர் கறியை விட்டார்கள். என் வீட்டுக்காரர் ஷேவிங்கை விட்டார். கார்டு சார் காபி பில்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, காபியை விட்டாச்சு. இது வீட்ல இருந்தா மனசு அலையும். ஈஸ்டர் வரைக்கும் நீ வச்சுக்கோ.”

வாங்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன். விடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ரயில்வேயில் ஒரு கார்டு இன்னொரு கார்டிடம் வண்டியை ஒப்படைக்கும்போது எழுதிக் கையெழுத்து வாங்குவார்களாம். ‘பித்தளை பில்டர் ஒன்று, மூடி ஒன்று, அழுத்தி ஒன்று, நல்ல நிலையில்’ என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

“பில்டர் எப்பிடி இருக்குது?”

“அதுக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்குது.”

“டிகாஷன் எறங்குதா?”

“எறங்குது. ஒரு வாய் குடிங்களேன்.”

“விட்டாச்சும்மா. நான் சும்மா வாசனை புடிச்சுக்கினு நிக்கிறேன். வாசனையைப் பத்தி பாஸ்டர் ஒண்ணும் சொல்லல.”

நாற்பது நாளும் சமையலறை வாசலில் நின்று வாசனை பிடித்தார். ஈஸ்டர் அன்று பில்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டு, நோட்டில் அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த லெந்துக்கு டிவியை விட்டார். அது எங்கள் ஹாலில் ஓடும். அவர் ஜன்னலுக்கு வெளியே, முதுகை உள்ளே காட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கவில்லை, கேட்கிறார். ஒருநாள் என் வீட்டுக்காரர் கிரிக்கெட்டை மாற்றிச் செய்தி போட்டார். திரும்பாமலேயே, “அந்த ஓவர் முடியட்டுமே தம்பி” என்று குரல் வந்தது.

மூன்றாவது லெந்துக்கு இலவம்பஞ்சு மெத்தை. மதியம் வந்து கையால் அழுத்திப் பார்ப்பார். யார் எந்தப் பக்கம் படுக்கிறார்கள் என்று விசாரிப்பார். திருப்பி வாங்கும் அன்று ‘நடுவில் லேசான பள்ளம்’ என்று எழுதி என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். எங்கள் இருவரில் எடை அதிகமானவர் அவர்தான் என்பதால் எங்களால் மறுக்க முடியவில்லை.

எதை விட்டாலும் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. அது ரோஸி டீச்சரின் பீரோ. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்பை மாற்றி மடித்து, ரசகற்பூர உருண்டை போட்டு மூடுவார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“பீரோவை எப்ப சார் விடப்போறீங்க?” என்றேன்.

“நானும் பாஸ்டரைக் கேட்டேம்மா, இதுவும் அந்தக் கணக்குல வருமான்னு. நீங்களே ஜெபம் பண்ணிப் பாருங்கன்னுட்டாரு.”

“பண்ணீங்களா?”

“பண்ணேன். பதில் வந்துடப்போவுதேன்னு பாதியிலயே ஆமென் போட்டுட்டேன். அதுவும் போயிட்டா அவ இருந்ததுக்கு என்னம்மா இருக்குது?”

கேட்டிருக்கக் கூடாது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போன கார்த்திகை மழையில் ஏரி நிரம்பித் தாழ்வான தெருக்களுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஜனங்களைத் தங்கவைத்தோம். சோறு இருந்தது, மாற்றுத் துணி இல்லை. நான் நாலு புடவை கொடுத்தேன். அதில் இரண்டு எனக்குப் பிடிக்காதவை. ஒரு பெண் கட்டியிருந்த புடவையின் முந்தானையைப் பிழிந்து உடம்பிலேயே காயவைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சு நகர்த்திக்கொண்டிருந்த கார்டு சார் அவளையே பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போனார்.

திரும்பி வரும்போது தலையில் போர்வை மூட்டை. குடையை மூட்டைக்குப் பிடித்திருந்தார். அவர் தொப்பலாக நனைந்திருந்தார். மூட்டையை அவிழ்த்ததும் வகுப்பறை முழுக்க ரசகற்பூர வாசனை.

“யாருதுங்க ஐயா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“வீட்ல சும்மா கெடந்துதும்மா. ஜல்தியா மாத்திக்கோ, ஜொரம் வந்துடும்.”

பத்து நிமிஷத்தில் போர்வை மட்டும் மிஞ்சியது. எந்தப் புடவை யாரிடம் போனது என்று இந்த மனுஷன் எப்படிக் கண்டுபிடிப்பார்? “சார், நோட்டு?” என்றேன்.

“திரும்ப வாங்குற சாமானுக்குத்தானம்மா நோட்டு” என்றார்.

அவர் மறுபடி பெஞ்சு நகர்த்தப் போய்விட்டார்.

இனி தெருத்தெருவாகப் போய்ப் புடவைகளை நலம் விசாரிப்பார் என்று நினைத்தேன். போகவில்லை. மார்க்கெட்டுக்குக்கூட அந்தத் தெருக்களைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார். ஆனால் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புடவைகளே வந்துவிட்டன. சபையைச் சேர்ந்தவர்கள், சேராதவர்கள் என்று பதினோரு பெண்கள், இருப்பதிலேயே நல்ல புடவை என்று அவற்றைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கார்டு சார் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் பார்த்த அந்தப் பெண், டீச்சரின் மெரூன் புடவையில் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“நல்லா இருக்குதுங்களா ஐயா?”

அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். “நல்லா இருக்குதும்மா. கீழ ஃபால்ஸ் பிரிஞ்சுக்கினு இருக்குது பார், தைச்சுடு” என்றார்.

அன்று எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் காபி குடித்தார்.

அடுத்த வாரம் சாம்பல் புதன். லெந்து தொடங்குகிறது. இந்த வருஷம் எதை என்று நேற்றுக் கேட்டேன்.

“விடறதுக்கு ஒண்ணும் தோணலம்மா. வீடு லேசா இருக்குது. நல்லாத்தான் இருக்குது. காலையில எழுந்தா மட்டும் கொஞ்சம் பேஜாரா இருக்குது.”

“அப்ப பழையபடி பில்டரையாவது கொண்டாந்து குடுங்க சார். எங்க பில்டர் அடைச்சுக்கினு ஒரு சொட்டு எறங்க மாட்டேங்குது” என்றேன்.

அவர் உடனே நோட்டைத் தேட ஆரம்பித்தார். எங்கள் பில்டரில் ஓர் அடைப்பும் கிடையாது. காலை ஆறு மணிக்கு அவர் வந்து கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.