துவக்கரும் தேங்காயெண்ணெயும்

யுத்தத்துக்குப் பயந்து டென்மார்க்குக்கு ஓடிவந்த தமிழரில், ஆசைப்பட்டுத் துவக்கு வாங்கி வரவேற்பறையில் வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சில்க்போர்க் நகரத்தில் இருக்கிறார். தாய் தகப்பன் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்களுக்கு அவர் துவக்கர்.

பயப்படாதீர்கள். பொலிஸ் அனுமதி, இரும்பு அலுமாரி, துப்பாக்கிச் சூட்டுக் கழக அங்கத்துவம், எல்லாம் ஒழுங்கு. அவர் சேர்ப்பது பழைய ராணுவ ரைபிள்கள். ஒவ்வொரு வெடிக்கும் பூட்டைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த ரவையை ஏற்ற வேண்டிய கிழடுகள். கலியாணக் காட் கொடுக்கப் போகிறவர்களுக்கு முதலில் தேத்தண்ணி வரும், பிறகு அலுமாரி திறக்கும்.

“இவர் சுவீடன்காரர். பூட்டு வழுவழுவெண்டு ஓடும். இவர் ரஷ்யாக்காரர், கொஞ்சம் முரடு. திறக்கிறதெண்டா சம்பல் இடிச்ச கை வேணும்.”

தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாகும். இப்போது அந்த வீட்டுக்குக் காட் தபாலில்தான் போகிறது.

வாணி விழாவுக்கு நாங்கள் புத்தகம், மடிக்கணினி வைத்துக் கும்பிடுவோம். அவர் துவக்குகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அதைக் கண்ட கழகத்து டெனிஷ்காரர்கள், தங்கள் துவக்குகளுக்கும் பொட்டு வைக்கச் சொல்லி வரிசையில் நின்றார்களாம். அவர் சொன்னதுதான், பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே குடைச்சல். ஒருநாள் கேட்டேவிட்டேன்: “அண்ணை, வெடிச் சத்தத்துக்கு ஓடிவந்த ஆக்கள் நாங்கள். உங்களுக்கு ஏன் இந்த வேலை?”

“இஞ்சை வந்த முதல் புதுவருசம், சனம் வெடி கொளுத்திச்சுது. நான் மேசைக்குக் கீழை பூந்திட்டன். பார்த்தா பூமணி எனக்கு முதலே அங்கை இருக்கிறாள்.” சிரித்தார். “அந்தச் சத்தம் ஒருக்கா என்ரை கையாலை வந்தாப் பயம் போகும் எண்டு நினைச்சன். எனக்குப் போயிட்டுது. அவளுக்குத்தான் இன்னும் போகேல்லை.”

பூமணியக்கா அவருடைய மனைவி. அலுமாரி நிற்கிற மூலை சாமிப்படங்களுக்கு வேணும் என்று வருடக்கணக்காய் நச்சரிப்பு. துவக்கரோ ஒரு போட்டியிலும் வென்றதில்லை. போன தை மாதம் அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார்: “இந்த முறையும் வெறுங்கையோடை வந்தா எல்லாத்தையும் வித்துப்போட வேணும். நானே வந்து பாக்கப்போறன்.”

போட்டிக்கு என்னுடைய காரில்தான் போனோம். சரியான குளிர். துவக்கர் சுவீடன்காரரோடு படுத்து, தனியாகக் கொண்டுவந்த பூட்டைச் செருகினார். பாதியில் நின்றுவிட்டது. முக்கி இழுத்து வெளியே எடுத்தார். பூட்டு முழுக்க வெள்ளையாய் ஏதோ உறைந்து கிடந்தது. தாடிக்காரக் கழகத் தலைவர் வாங்கி மணந்து பார்த்தார்.

“கொக்கோஸ்?”

தேங்காயெண்ணெய்! தலைக்கு, சமையலுக்கு, கதவுக் கீலுக்கு என்று எல்லாத்துக்கும் ஒரே போத்தல் பாவிக்கிற ஆக்கள் அல்லவா நாங்கள். எப்படியும் வெல்ல வேண்டுமே என்று மனிசன் விசேஷமாய்ப் பூசியிருக்கிறார். தலைவர் இரக்கப்பட்டுக் கொஞ்ச நேரம் கொடுத்தார். துவக்கர் ஊதினார், தேய்த்தார். எண்ணெய் உருகவில்லை.

அக்கா சும்மா இருந்தாலே போதும், மூலை அவருடையது. ஆனால் அக்கா எழும்பி அவரிடம் போனார்.

“கோதாரி! தலைக்கு வைக்கிற எண்ணெயை ஆரும் துவக்குக்கு வைப்பினமே? கொண்டாங்கோ இஞ்சை!”

பூட்டைப் பறித்துச் சால்வையில் சுற்றி, குளிர்ச்சட்டைக்குள் கமக்கட்டில் இறுக்கிக்கொண்டார். எண்ணெய் உருகி முடியும்வரை திட்டும் முடியவில்லை. பிறகு காதுமூடியைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நின்றார். முதல் வெடிக்கு என் கையை நுள்ளிப் பிய்த்துவிட்டார். அடுத்ததற்குக் கண்ணை மட்டும் மூடினார். கடைசி வெடிகளில் கழகம் முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்:

“கொஞ்சம் இடப்பக்கம் பிடியுங்கோ, மனுசா!”

போட்டியில் துவக்கர் கடைசியாய் வந்தார்.

திரும்பும்போது காரில் அவர் தொண்டையைச் செருமினார். “அப்ப எல்லாத்தையும் விக்கிறன், பூமணி.”

“ஏன்?”

“நீர்தானே சொன்னீர், வெறுங்கையோடை வந்தா எண்டு.”

“வெறுங்கையோடையே வாறியள்? அவ்வளவு வெடிக்கும் நான் நிண்ட இடத்திலையே நிண்டனான். அது போதாதோ?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அலுமாரி அதே மூலையில் நிற்கிறது. சாமிப்படங்கள் அதன் மேல் ஏறிவிட்டன. இந்தப் புதுவருசத்துக்கு இரண்டு பேரும் வாசலில் நின்று வாணவேடிக்கை பார்த்தார்கள். நான் போனால் இப்போதும் தேத்தண்ணி ஆறத்தான் ஆறும். ஆறட்டும். அந்த மனிசன் ரஷ்யாக்காரரின் கதையை முதலிலிருந்து சொல்லட்டும், நான் இருந்து கேட்பேன்.