சம்பந்தி மாமா வரமாட்டாராம்

கம்ப்யூட்டர் தெரிந்தவனிடம் கல்யாண வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. பந்தியில் அப்பளம் போட விடலாம், சேதம் குறைவு.

தங்கையின் கல்யாண அழைப்பிதழை இணையப் பக்கமாகச் செய்கிறேன் என்று நான்தான் குதித்தேன். எல்லாப் போனிலும் இருக்கிற எழுத்து எனக்கு ஆகாது. (ரசனையாம்.) ஒல்லியாக, வளைந்து நெளியும் எழுத்துரு ஒன்றைப் போட்டேன். அது இணையத்திலிருந்து இறங்கி வரும்வரை பக்கத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. அப்பா மந்தைவெளி பஸ் ஸ்டாப்பில் திறந்து பார்த்துவிட்டு, பிள்ளையார் மட்டும்தான் இருக்கிறார், கல்யாணம் அவருக்கா என்று போனில் கேட்டார்.

ரோஷம் வந்தது. முதலில் போனிலுள்ள எழுத்தைக் காட்டு, என் எழுத்துரு வந்ததும் மாற்று என்று பிரவுசருக்குச் சொல்லிவைத்தேன். போனின் எழுத்து அகலம், என்னுடையது ஒல்லி. மாறியதும் வரிகள் குறைந்து, கீழே பதில் சொல்ல வைத்திருந்த இரண்டு பொத்தான்களும் மேலேறிவிடும். அது அப்போது எனக்கு எங்கே தோன்றியது? மேல் பொத்தான் 'வருகிறோம்'. அதற்குக் கீழே 'வர இயலவில்லை'.

மறுநாள் முதல் பதில் அடையாறிலிருந்து, மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து வந்தது. வர இயலவில்லை.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நிச்சயதார்த்தத்தில் காபி ஆறிப்போனதுதான் காரணம் என்று அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். தங்கை கூப்பிட்டால் மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. (ஜிம்மில் இருந்தாராம்.) அப்பாவும் நானும் ஆட்டோ பிடித்து ஓடினோம். சமாதானத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்.

சம்பந்தி மாமா மிரண்டுபோனார். "வரேன்னுதானேப்பா அழுத்தினேன்?" என்று மாமியின் போனை வாங்கிச் செய்தே காட்டினார். பக்கம் திறந்தது. விரல் 'வருகிறோம்' மேல் இறங்கும் நேரம் பார்த்து என் எழுத்துரு வந்து சேர்ந்தது. எல்லாம் ஒரு துள்ளு துள்ளியது. இப்போது மாமியும் வரமாட்டார்.

எழுத்துரு என்றால் என்ன, ஏன் தாமதம் என்று நான் நெடுநேரம் விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மொதல்ல வந்த எழுத்தே நன்னாத்தானே இருந்தது. அதை எதுக்கு மாத்தணும்?"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் வாழைப்பழம் வெந்திருக்கும். அன்றைக்கே அந்த எழுத்துருவைத் தூக்கிக் கடாசினேன். மாமாவும் மாமியும் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தார்கள்.

இப்போதும் அவர்கள் ஆத்தில் எந்த விசேஷத்துக்குப் பத்திரிகை அச்சடித்தாலும், மாமா ஒன்றை நேரில் எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் என் கையில் கொடுக்கிறார்.

"தொட்டுப் பாருப்பா. நகராது."