மப்ளர்காரர் வைத்த ஏசி பரீட்சை

கோயமுத்தூரிலேயே ஏசி வாங்கத் துளியும் தகுதியில்லாத மனிதர் மப்ளர்காரர்தான். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். ஃபேன் போட்டால் தும்முவார். பம்ப்செட் பட்டறை வைத்து முன்னுக்கு வந்த அவர், அவிநாசி ரோட்டில் மூன்று மாடி ஆபீஸ் கட்டடம் எழுப்பி, அதற்கு ஏசி தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். எங்கள் கதியை யோசித்துப் பாருங்கள்.

எங்கள் என்றால், மூன்று கம்பெனிகளின் விற்பனையாட்கள். அதில் நான்தான் நோஞ்சான். மாதக்கணக்கில் ஒரு ஆர்டரும் பிடிக்கவில்லை. இதுவும் கைநழுவினால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வாய் சும்மா இருக்காமல் அதை மப்ளர்காரரிடமே உளறி வைத்தேன். அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எங்கள் மிஷின் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கவும் செய்யும் என்று நான் அளந்தபோதுதான் நிமிர்ந்தார்.

“சூடுங்களா? அதைத்தான் சூரியன் இனாமாக் குடுக்குதுங்களே,” என்றார்.

முதல் கம்பெனிக்காரர் டன் கணக்குச் சொன்னார். அடுத்தவர் லேப்டாப்பில் கலர் கலராகப் படம் காட்டினார். எதுவும் எடுபடவில்லை. கொங்கு நாட்டில் மாப்பிள்ளை பார்த்தாலும் மாடு பிடித்தாலும் சொந்தபந்தத்தைக் கலக்காமல் முடிவெடுப்பதில்லை. ஏசி மட்டும் விதிவிலக்கா? மாடிக்கு ஒரு கம்பெனியாகச் சோதனைக்கு மிஷின் மாட்ட வேண்டும் என்றார் மப்ளர்காரர். ஞாயிற்றுக்கிழமை பங்காளி, மாமன், மச்சான் எல்லாரையும் வரவழைத்துக் கறிவிருந்து போட்டார். சாப்பிட்டவர்களை மூன்றாகப் பிரித்து, மாடிக்கு ஒரு கூட்டமாக ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார். எந்த மாடியில் சனம் நன்றாகத் தூங்குகிறதோ அந்தக் கம்பெனிக்கே ஆர்டர் என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம்.

முதல் மாடியில் கை காய்வதற்குள் குறட்டை. இரண்டாவதில் ஒரு பெரியப்பா ஜமுக்காளத்தையே இழுத்துப் போர்த்திக்கொண்டார். மூன்றாவது மாடியில், என் ஏசியின் கீழே, ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லை. பேச்சோ பேச்சு. ஒரு கல்யாணமே பேசி முடித்துவிட்டார்கள். கறிச்சோறு தின்ற கூட்டத்தைத் தூங்கவைக்கத் துப்பில்லாத ஏசியை யார் வாங்குவார்? வேலை போனதென்று பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

மப்ளர்காரர் தொண்டையைச் செருமினார். “ஏனுங்க, இது ஆபீஸ் கட்டடமுங்க. தூங்கறதுக்கா ஆராச்சும் வாடகை குடுப்பாங்க? மூணாவது மாடிக்காரருக்கே ஆர்டரைக் குடுத்துப்போடலாமுங்க.”

போட்டியாளர்கள் லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினார்கள். குளிர்சாதன உலகின் மாமேதை இவர்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அன்று பேசி முடித்த கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. அன்று மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருந்த மப்ளர்காரரின் தங்கை, மண்டபத்தில் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

“எங்களுக்கும் தூக்கம் சொக்குச்சுங்க தம்பி. ‘ஆராச்சும் கண்ணசந்தீங்கன்னா அந்தப் பையனுக்கு வேலை போயிரும்’னு அண்ணன் சொல்லிப்போட்டாருங்க. ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கிட்டே உக்காந்திருந்தோம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரைத் தேடிப் போனேன். மண்டபத்தின் ஏசிக்குப் பயந்து, சமையல்கட்டு அனல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“இங்க வேர்க்குமுங்க தம்பி. உள்ளார போய் உக்காருங்க,” என்றார்.

“இருக்கட்டுமுங்க,” என்றேன்.