கரையாத கவரிங்

தெருவில் அவருக்குப் பேர் 'ஐடியா'. பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பது தொழில். மனைவியின் நிம்மதியைக் கெடுப்பது உபதொழில். அவருக்கு ஒரு ஐடியா வந்துவிட்டால் வீட்டில் ஏதாவது ஒரு பொருள் காணாமல் போகும். ஒரு தடவை மனைவியின் தங்க வளையல்கள் போயின. அவை வண்ணமீன் தொட்டிகளாக மாறின. மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. அந்த வெறுங்கையால் அவள் சோறு போடும்போதெல்லாம் அவர் தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை.

ஆகவே இந்த முறை பெரிய சபதம். தங்கத்தை வாங்கப் போவதில்லை, பிரித்தே எடுக்கப் போகிறார். கடையில் குவிந்து கிடக்கும் பழைய போர்டுகளில் தங்கமுலாம் பூசிய பின்கள் இருக்கின்றன. ஆசிட்டில் போட்டால் உள்ளே இருக்கும் செம்பு கரைந்துவிடும். மேலே இருக்கும் தங்கம் மட்டும் தோல் தோலாக மிதக்கும். அதை உருக்கி வளையல் செய்து அவள் கையில் மாட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மொட்டைமாடியில் வேலை மும்முரமாக நடந்தது.

"என்னங்க, மாடியில செவப்பா புகை வருது?"

"வேலை நடக்குது. கிட்ட வராத."

"நான் வரல. கொடியில உங்க பனியன் காயுதே, அதைப் பாத்தீங்களா?"

"அதுக்கென்ன?"

"நல்ல காத்தோட்டமா ஆயிடுச்சு. ஊரையே அது வழியா பாக்கலாம்."

பின்கள் எல்லாம் கரைந்தன. மிஞ்சிய தங்கம் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. வளையல் இருக்கட்டும், மூக்குத்திக்கே காணாது. அப்போதுதான் பெட்டியில் கிடந்த அவளுடைய கவரிங் செயின் ஞாபகம் வந்தது. "போட்டா கழுத்து அரிக்குதுங்க, கவரிங்தானே" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அதையும் ஆசிட்டில் போட்டார்.

பின்களைக் கண்டதும் பொங்கிய ஆசிட், செயினைக் கண்டு சும்மா இருந்தது. கண்ணாடிக் குச்சியால் கிளறினார். காத்திருந்தார். செயின் தலைக்குக் குளித்தது போலப் பளபளத்தது.

ஐடியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது கவரிங் இல்லை. அசல் தங்கம். திருடனுக்குப் பயந்தால் பூட்டு போட்டிருப்பாள். புருஷனுக்கு ஒரு பொய்யே போதும் என்று இருந்திருக்கிறாள். அவள் நினைத்தது சரிதான் என்பதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

அவள் வந்ததும், பலமுறை கழுவிய செயினை அவள் கையில் வைத்தார்.

"தெரியாம ஆசிட்ல போட்டுட்டேன். கரையல."

"கரையாது."

"கவரிங்னு சொன்னியே!"

"ஆமா. உங்க கண்ணுல படாம கவர் பண்ணி வெச்சிருந்தேன். அப்ப அது கவரிங்தானே?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் அவ்வளவு மோசமானவனா?"

"சேச்சே. நீங்க நல்லவர்தான். உங்க ஐடியாதான் மோசம்."

"உன் வளையலை அழிச்சேன். அதைத் திருப்பித் தரத்தான் இவ்வளவும் பண்ணேன். இனிமே உன் நகையைத் தொட மாட்டேன். என்னை நம்பு." சொல்லும்போதே குரல் உடைந்தது.

அவள் அவரையே பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. முந்தானையால் அவர் முகத்தில் இருந்த அழுக்கைத் துடைத்தாள்.

"நம்புறேங்க."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நிஜத்தைச் சொல்லு. பெட்டியில இருக்கற தோடு, மோதிரமெல்லாம்?"

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அதெல்லாம் கவரிங்தாங்க."